பிளாஸ்திரியைப் பிடுங்காதே கண்ணா

அன்புள்ள மகனுக்கு,

ட்ரிப்ஸ் ஊசியை எடுத்தாயிற்று, பிளாஸ்திரியை மட்டும் குளிக்கும்போது ஒரே இழுப்பில் பிடுங்கிவிடுகிறேன் என்று நேற்று போனில் சொன்னாய். அதிலிருந்து எனக்கு மனசே ஆறவில்லை.

பாட்டி படுக்கையில் இருந்தபோது அவர் கையிலிருந்ததை நான் அப்படித்தான் இழுத்தேன். சட்டென்று எடுத்தால் வலிக்காது என்று நம்பினேன். பிளாஸ்திரியோடு தோலும் உரிந்து வந்தது. பாட்டி ஒன்றும் சொல்லவில்லை, கையை மட்டும் மெல்ல மடியில் வைத்துக்கொண்டார்.

அப்புறம் ஒரு நர்ஸ் செய்து காட்டினார். தோலிலிருந்து பிளாஸ்திரியை இழுக்கக் கூடாதாம், பிளாஸ்திரியிலிருந்து தோலை விலக்க வேண்டுமாம். ஓரத்தைக் கிளப்பி, மேலே தூக்காமல், தோலோடு படிந்தாற்போலப் பின்பக்கமாக மடக்கு. அதே கையின் இன்னொரு விரலால் பக்கத்துத் தோலை அழுத்தி விலக்கிக்கொண்டே வா. முடி படிந்திருக்கும் பக்கமாகவே போக வேண்டும். உன் கையில் முடி அதிகம், எதிர்ப்பக்கம் போனால் உயிர் போய்விடும்.

வரவில்லையா, பஞ்சில் பேபி ஆயிலோ தேங்காய் எண்ணெயோ தொட்டு ஓரத்தில் ஒற்றிவிட்டுச் சில நிமிடம் பொறு. நாளாக ஆகப் பசை இன்னும் இறுகப் பிடிக்கும், அதனால் பழைய பிளாஸ்திரிக்குக் கூடுதல் நேரம் கொடு. ஊசி இருந்த இடத்தில் ஒட்டிய கண்ணாடி மாதிரித் தாள் மட்டும் வேறு: ஓரத்தைப் பிடித்துத் தோலை ஒட்டியே பக்கவாட்டில் நீட்டினால் தானாக விடும்.

தையல் பக்கம் எண்ணெயைக் கொண்டுபோகாதே. அதன்மேல் குறுக்கே ஒட்டிய சின்னப் பட்டைகளைத் தொடவே வேண்டாம், அவை தானாக விழட்டும். ஓரம் எழும்பினால் கத்தரியால் நறுக்கிவிடு, போதும்.

மிச்சமிருக்கும் கறுப்புப் பிசுக்கை நகத்தால் சுரண்டாதே. எண்ணெய் தடவி விரல் நுனியால் வட்டமாகத் தேய்த்தால் உருண்டு வரும், பிறகு சோப்புப் போட்டுக் கழுவு. எண்ணெய்ப் பசை இருந்தால் அடுத்த பிளாஸ்திரி ஒட்டாது. நெயில் பாலிஷ் ரிமூவர் கூடவே கூடாது. ஸ்பிரிட்டும் உரிந்த தோலில் பட்டால் எரியும். மருந்துக்கடையில் சிலிக்கோன் சேர்ந்த பசை நீக்கும் ஸ்பிரே கிடைத்தால் வாங்கு, அது எரியாது, சீக்கிரம் காயும்.

சிவப்பு மறையாமல் அரித்தாலோ கொப்புளம் வந்தாலோ டாக்டரிடம் சொல்லி வேறு டேப் கேள்.

எடுத்ததும் கையைப் படம் பிடித்து அனுப்பு. பார்த்தால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

அம்மா