அடுக்களைப் பெட்டிகளைக் கழற்றும் முன்

மக்களே,

உன் மும்பை வீட்டு மரவேலைக்காக நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய கொட்டேஷனை மூன்று தடவை படித்தேன். போனிலேயே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் பேச்சு நடுவில் பிள்ளை அழுவான், உன் அம்மை போனை வாங்கிக்கொள்வாள், சொல்ல வந்தது பாதியில் நின்றுபோகும். அதனால் எழுதுகிறேன். பிள்ளை தூங்கும்போது நிதானமாகப் படி.

கொட்டேஷன் முழுக்க 'இன்ஜினியர்டு வுட்' என்றே எழுதியிருக்கிறார்கள். அது எந்தப் பலகை என்று ஓரிடத்திலும் இல்லை. பிளைவுட்டும் அதுதான், பார்ட்டிகிள் போர்டும் அதுதான், எம்டிஎஃப்பும் அதுதான். 'மீன்' என்று மட்டும் எழுதின பில்லுக்கு நீ காசு கொடுப்பாயா? நெத்திலியா நெய்மீனா என்று கேட்கமாட்டாயா? மேலே மைக்கா ஒட்டிவிட்டால் மூன்றும் ஒன்றுபோலத்தான் இருக்கும். வெட்டுமுனையைப் பார்த்தால் தெரிந்துவிடும். வரி வரியாக அடுக்கு இருந்தால் பிளைவுட். நொய்யும் தவிடும் சேர்த்து அமுக்கின மாதிரி இருந்தால் பார்ட்டிகிள் போர்டு. வரியும் தெரியாமல் துகளும் தெரியாமல் கெட்டி அட்டை போல இருந்தால் எம்டிஎஃப்.

ஆனால் நீ கேட்டது அதற்கும் மேலே. "அப்பா, இதில் எது பூமிக்குக் கெடுதல் குறைவு?" என்று கேட்டிருந்தாய். நாற்பது வருஷமாக உளி பிடிக்கிறேன். விலை கேட்பார்கள், கரையான் ஏறுமா என்று கேட்பார்கள், எத்தனை நாளில் முடியும் என்று கேட்பார்கள். இதை ஒருத்தரும் கேட்டதில்லை. என் மகள் கேட்டாள் என்பதில் எனக்கு எவ்வளவு நிறைவு என்று உனக்குச் சொல்லத் தெரியவில்லை.

நம்ம குலசேகரத்திலிருந்தே தொடங்குகிறேன். நீ பள்ளிக்கூடம் போகும்போது பஸ்ஸை மறித்துக்கொண்டு ரப்பர் மரத்தடி ஏற்றின லாரி நிற்குமே, பலகையின் கதை அங்கேதான் தொடங்குகிறது. நட்டு இருபத்தைந்து, முப்பது வருஷம் ஆகி, இனி பால் வெட்டினால் கூலிக்குக் கட்டாது என்ற நிலை வந்ததும் மரத்தைச் சாய்ப்பார்கள். என் பாட்டா காலத்தில் அந்த மரம் அடுப்புக்கும் செங்கல் சூளைக்கும்தான் போனது. வெட்டிப் போட்ட கொஞ்ச நாளிலேயே நீலம் பூத்து வண்டு துளைத்துவிடும், யார் வாங்குவார்கள்? போராக்ஸும் போரிக் ஆசிடும் கலந்த தண்ணீரை ஏற்றிக் காப்பாற்றலாம் என்று ஆன பிறகுதான் ரப்பருக்கும் தடி என்ற மரியாதை வந்தது.

நாகர்கோவிலில் ஒரு கல்லூரி வாத்தியாருக்குப் புத்தக அலமாரி செய்துகொடுத்தேன். ஒரு பொருள் பிறந்ததிலிருந்து குப்பைக்குப் போகிறவரை அது மண்ணுக்கும் காற்றுக்கும் செய்கிற அத்தனையையும் கூட்டிப் பார்க்கிற 'வாழ்க்கைச் சுழற்சி மதிப்பீடு' என்ற கணக்கை அவர்தான் எனக்குச் சொல்லித்தந்தார். அதில் ரப்பர் தடியிடம் வந்ததும் ஒரு சிக்கல் வரும் என்றார். இருபத்தைந்து வருஷம் தோட்டத்துக்குப் போட்ட உரமும் அடித்த மருந்தும் பாலின் கணக்கா, பலகையின் கணக்கா? எல்லாவற்றையும் பாலின் தலையில் கட்டிவிட்டால் பலகை சுத்தமாக வெளியே வரும். பங்கு பிரித்தால் அப்படி வராது. மரம் அதேதான், பிரிக்கிற கை மாறினால் விடை மாறுகிறது. அதனால் 'பசுமைப் பலகை' என்று யாராவது ஓர் எண்ணைக் காட்டினால், எங்கே தொடங்கி எங்கே முடித்தீர்கள் என்று முதலில் கேள். 2006-ல் வந்த ஐஎஸ்ஓ 14040, 14044 என்ற சர்வதேசத் தர விதிகளும் அந்த எல்லையைச் சொல்லியே ஆகவேண்டும் என்கின்றன. ஆலை வாசலோடு முடித்துக்கொள்கிற கணக்குகள் நிறைய உண்டு. பலகை பிறகு எத்தனை வருஷம் நின்றது, கடைசியில் எங்கே போனது என்பது அதில் வராது.

ஒரு தடவை தடி வியாபாரி ஒருத்தரோடு லாரியிலேயே, பிளைவுட் மில்கள் நிறைந்த கேரளத்துப் பெரும்பாவூர் போனேன். இங்கிருந்து ஏறக்குறைய 250 கிலோமீட்டர். பச்சைத் தடியின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தண்ணீர்தான். அந்தத் தண்ணீரையும் சுமந்துகொண்டுதான் லாரி போகிறது. மில்லுக்குள் தடியை லேத்தில் மாட்டிச் சுற்றுகிறார்கள். நீளக் கத்தி அதில் பட்டதும் மரம், பாயைச் சுருள் பிரிக்கிற மாதிரி, ஈரத்தோடு வெள்ளைவெளேர் என்று விரிந்துகொண்டே வந்தது. தொட்டுப் பார்த்தேன், குழந்தையின் தோல் போல இருந்தது. பக்கத்தில் நின்று அதை வெட்டி அடுக்கிய பையன்கள் அசாமிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்தவர்கள். உரித்து முடிந்து மிஞ்சிய நடுத்தண்டும் கிழிந்த துண்டுகளும் நேராக பாய்லருக்குப் போகின்றன. தடியில் ஏறக்குறைய பாதிதான் பலகையாக வெளியே வருகிறது. அந்தப் பாதியைக் காயவைக்க மீதி எரிகிறது. பிளைவுட் செய்கிற வேலையில் சூட்டை அதிகம் தின்பது இந்த உலர்த்துகிற இடம்தான். ஆனால் எரிவது பெரும்பாலும் மரக்கழிவு, நிலக்கரி இல்லை. அதனால் கணக்குப் புத்தகத்தில் அது அவ்வளவு கறுப்பாகத் தெரியாது.

கறுப்பாகத் தெரிவது பசை.

மக்களே, இந்த இடத்தைக் கவனமாகப் படி. பலகை என்றால் மரம் என்று நாம் நினைக்கிறோம். எட்டுக்கு நாலு, பதினெட்டு எம்எம் எம்டிஎஃப் ஷீட் ஒன்று நாற்பது கிலோ இருக்கும் என்று வை. அதில் நாலு கிலோ பசை. எடையில் பத்தில் ஒரு பங்கு, ஆனால் கெடுதலில் அதன் பங்கு ரொம்பப் பெரியது. யூரியாவும் ஃபார்மால்டிஹைடும் சேர்ந்ததுதான் சாதாரணப் பசை. வயலுக்குப் போடுகிற அதே யூரியா. அதற்கு வேண்டிய அம்மோனியாவும், ஃபார்மால்டிஹைடுக்கு வேண்டிய மெத்தனாலும் உலகத்தில் பெரும்பாலும் பூமிக்கு அடியில் எடுத்த எரிவாயுவிலிருந்தோ நிலக்கரியிலிருந்தோ வருகின்றன. எம்டிஎஃப்புக்கு மரத்தை ஆவியில் வேகவைத்து நாராக அரைக்கவேண்டும், அதற்கு மின்சாரமும் நிறைய வேண்டும்.

அதற்காக அந்தப் பலகைகளை நான் பழிக்கமாட்டேன். 1930களில் ஜெர்மனியில் மாக்ஸ் ஹிம்மல்ஹேபர் என்பவர் பார்ட்டிகிள் போர்டைக் கண்டுபிடித்ததே, மரத்தில் பாதிக்கு மேல் வீணாகப் போகிறதே என்ற ஆதங்கத்தில்தான். இத்தாலியில் இன்றைக்கும் அந்தப் பலகையைப் பெரும்பாலும் பயன்படுத்தி எறிந்த பழைய மரத்தை அரைத்தே செய்கிறார்கள். சிராயும் சுள்ளியும் பலகையாவது நல்ல காரியம். ஒட்டவைக்கிற பசையும், அது எத்தனை நாள் நிற்கிறது என்பதும்தான் கேள்வி.

நிற்காத கதை ஒன்று என்னிடமே இருக்கிறது. மார்த்தாண்டத்தில் ஒரு வீடு. நீ அப்போது ஒன்பதாம் வகுப்பு. வீட்டுக்காரருக்குக் கை இறுக்கம், செலவைக் குறைத்துத் தாருங்கள் என்றார். நானும் சிங்க் அடி முதற்கொண்டு எம்ஆர் கிரேடு பலகையே போட்டேன். அது ஈரக்காற்றைத் தாங்கும், நின்ற தண்ணீரைத் தாங்காது. தெரிந்தேதான் போட்டேன். இரண்டாவது மழைக்காலத்தில் அடிப்பலகை பப்படம் மாதிரி உப்பிவிட்டது. மூன்றாவது வருஷம் எல்லாவற்றையும் பெயர்த்துக் கொல்லைப்புறத்தில் போட்டுக் கொளுத்தினார்கள். நான் அங்கே நின்றுகொண்டிருந்தேன். விறகுப் புகை அப்படி இருக்காது. கண்ணில் ஊசி குத்தின மாதிரி, தொண்டை அடைக்கிற மாதிரி ஒரு மஞ்சள் புகை. முப்பது வருஷம் நின்ற மரம், லாரி, சூடு, பசை, என் மூன்று வார உழைப்பு எல்லாம் ஒரு மதியத்தில் போனது. அன்றைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த வீட்டுக்குக் கூலி வாங்காமல் புதுசாகச் செய்துகொடுத்தேன் என்பது உன் அம்மைக்கு மட்டும்தான் தெரியும்.

கரியின், அதாவது கார்பனின், கணக்கையும் அந்தப் புகையை வைத்தே பார். காய்ந்த மரத்தின் எடையில் பாதி கரி. ஒரு பிளைவுட் ஷீட்டில் முப்பது கிலோ மரம் என்றால் பதினைந்து கிலோ கரி. 12 கிலோ கரி காற்றில் 44 கிலோ கார்பன் டை ஆக்சைடாகும், அதனால் அதை 44-ஆல் பெருக்கி 12-ஆல் வகுத்தால், மரம் காற்றிலிருந்து இழுத்து வைத்த கார்பன் டை ஆக்சைடு 55 கிலோ. உன் வீட்டுக்கு நாற்பது ஷீட் போனால் 2,200 கிலோ. அவ்வளவையும் உன் வீட்டுச் சுவரில் பூட்டி வைத்திருக்கிறாய். பூட்டு திறக்காத வரைக்கும் நல்லது. ஏழு வருஷத்தில் ஃபேஷன் மாறிவிட்டது என்று பெயர்த்து எரித்தால் அத்தனையும் திரும்பிப் போய்விடும். ரப்பர் மரம் திரும்ப வளர இருபத்தைந்து வருஷம் வேண்டும். பலகை, மரம் வளர எடுத்த காலமாவது நிற்கவேண்டாமா?

காட்டு விஷயமும் உண்டு. நான் தொழில் படிக்கும்போது நல்ல பிளைவுட் என்றால் அசாம் சரக்கு. ஹோலாங் என்ற மரம், காட்டில் வானத்தைத் தொடுகிற மாதிரி நிற்கும். 1995-ல் நிலம்பூரைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு என்பவர், நம்ம நீலகிரியில் கூடலூர்ப் பக்கம் காடு அழிவதைப் பொறுக்காமல் உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பர் 12-ல், காட்டில் மரம் வெட்டுவதைக் கட்டுப்படுத்தி வந்த உத்தரவு அந்த வழக்கையும் தாண்டி நாடு முழுக்கப் பாய்ந்தது. வடகிழக்கில் பிளைவுட் மில்கள் மூடின. அதற்குப் பிறகுதான் ஹரியானா யமுனாநகரில் விவசாயிகள் வரப்பில் வளர்த்த பாப்லர் மரமும் தைல மரமும், பெரும்பாவூரில் ரப்பரும் பெரிதாகத் தலையெடுத்தன. நம்ம பக்கத்தில் மலைவேம்பு நடச் சொல்வதும் அந்த வழியில்தான். ஏழெட்டு வருஷத்தில் உரிக்கிற பருவம் வந்துவிடும். இவ்வளவு மாறியும் பிளைவுட்டின் மேலே ஒட்டுகிற மெல்லிய மரத்தோல் மட்டும் இன்னும் தூரத்திலிருந்து வருகிறது. முன்பு பர்மாவின் குர்ஜன் மரம். 2014-ல் அவர்கள் தடி ஏற்றுமதியை நிறுத்தியதும் ஆப்பிரிக்காவின் ஒக்குமே மரம். அரை மில்லிமீட்டர் தோலுக்குக் கடல் தாண்டுகிறார்கள். அதன் மேலே மைக்கா ஒட்டி அதையும் மறைத்துவிடுகிறோம்.

பிள்ளை தவழ்கிற வீடு என்பதால் இன்னும் ஒன்று. புது அலமாரியைத் திறந்தால் கண் எரிகிறதே, அது ஃபார்மால்டிஹைடு. 2004-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அதை மனிதருக்குப் புற்றுநோய் தருவது என்று முதல் வகையில் வைத்தது. சூடும் ஈரமும் கூடக் கூட அது அதிகமாக வெளியே வரும். 2005-ல் கத்ரீனா புயலில் வீடிழந்த அமெரிக்கர்களுக்கு அரசு கொடுத்த தற்காலிக டிரெய்லர் வீடுகளில் இந்த வாயு அதிகமாக இருந்தது, பலர் மூச்சுத் தொல்லை என்று புகார் சொன்னார்கள். மும்பையின் மழைக்காலம் உனக்குத் தெரியும். மரத்தூளும் அதே முதல் வகைதான். எம்டிஎஃப் அறுக்கும்போது பறப்பது மாவு மாதிரி நைஸாக இருக்கும், மாஸ்க் இல்லாமல் யாரையும் உன் வீட்டில் அறுக்கவிடாதே. என் இருமலை நீ கேட்டிருக்கிறாய்.

இனி உன் கேள்விக்கு என் பதில். கொட்டேஷனோடு நீ அனுப்பின படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முன்பு இருந்தவர்கள் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் செய்த அடுக்களைப் பெட்டிகள் அப்படியே இருக்கின்றன. கீல் மாட்டின இடத்தில் மைக்கா பெயர்ந்து உள்ளே வரிகள் தெரிகின்றன, பசைக்கோடு கருஞ்சிவப்பு. அது ஃபீனால் பசை மாதிரித்தான் தெரிகிறது, கொதிநீரையும் தாங்குகிற ரகம். இத்தனை வருஷத்தில் அதிலிருந்து வரவேண்டிய வாசம் பெரும்பாலும் வந்து முடிந்திருக்கும். அதைத்தான் 'பழைய கிச்சன் அகற்றும் கூலி' என்று ஒரு வரியில் எழுதியிருக்கிறார்கள். அந்த வரியை அடித்துவிடு. ஏற்கெனவே நிற்கிற பெட்டியைவிடக் கெடுதல் குறைந்த பலகையை எந்த மில்லும் செய்யமுடியாது. உனக்குப் பிடிக்காதது நிறம்தான் என்றால் கதவுகளை மட்டும் மாற்றலாம்.

புதிதாக வேண்டிய இடத்துக்கு மட்டும் வாங்கு. தண்ணீர் படுகிற இடமென்றால் ஐஎஸ்ஐ முத்திரையோடு ஐஎஸ் 303 பிடபிள்யூஆர் (கொதிநீர் தாங்கும் பிளைவுட்), இல்லை ஐஎஸ் 710 (மரைன் பிளைவுட்). நிறத்தை மட்டும் நம்பாதே, ஒரு துண்டு கேட்டு வாங்கிச் சில மணி நேரம் கொதிக்கவை, அடுக்குப் பிரிந்தால் திருப்பி அனுப்பு. படுக்கையறை அலமாரிக்கு எமிஷன் இ1, அதாவது ஃபார்மால்டிஹைடு குறைவாக வெளிவிடும் ரகம், என்று எழுதின பார்ட்டிகிள் போர்டு போதும், அங்கே தண்ணீர் இல்லை. ஆறு பக்கமும் மூடச் சொல், பின்பக்கத்தையும் அடிப்பக்கத்தையும் விட்டுவிடுவார்கள். பசை போட்டு இறுக்கவேண்டாம், ஸ்க்ரூ போடட்டும். நாளைக்கு வீடு மாறினால் கழற்றிக்கொண்டு போகலாம்.

இப்போது ஒரு வேலை செய். சிங்க்குக்குக் கீழே இருக்கிற சாமான்களை எடுத்துவிட்டு, அடிப்பலகையின் பின்மூலையைப் பெருவிரலால் அழுத்திப் பார். கல் மாதிரி இருந்தால் ஒன்றும் செய்யவேண்டாம். மெத்தென்று உள்ளே போனால் அந்த ஒரு பெட்டியின் நீளம், அகலம், ஆழம் மூன்றையும் எம்எம்மில் எழுதி அனுப்பு. பலகையை அங்கே வாங்கி வை. கருவிப் பெட்டியோடு நான் ரயிலேறுகிறேன், இரண்டு நாள் வேலைதான். உன் அம்மை முறுக்கு சுட்டு வைத்திருக்கிறாள், அதையும் கொண்டுவருகிறேன்.

அப்பா