டீச்சர் வீட்டுக்குக் கண்ணாடி

ராயபுரம்

அன்புள்ள சேகர்,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. பொங்கலுக்கு வருவதாகச் சொல்லி ஏமாற்றியவனோடு பேச்சே கிடையாது என்று ஜோசப் சபதம் போட்டிருக்கிறான். அந்தப் பரோட்டாக் கணக்கை நீ தீர்க்கும்வரை அவன் இறங்கி வரமாட்டான்.

முக்கியமான சேதி: டீச்சர் வீட்டை இடிக்கவில்லை! கீழ்த்தளம் முழுவதும் பிள்ளைகளுக்கான நூலகமாகப் போகிறது. வேலை என் கைக்கு வந்திருக்கிறது.

இரு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர், ரயில் பெட்டி மாதிரி நீளம். நடு அறையில் பட்டப்பகலில் விளக்குப் போட்டுத்தானே நமக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார்? முற்றத்தைச் சுற்றி, உத்தரத்தைத் தாங்காத சுவர்களை எடுத்துவிட்டு, தரையிலிருந்து மேலே வரை கண்ணாடி நிறுத்தலாம் என்கிறேன். டீச்சர் மகனோ, மேற்கு பார்த்த வாசல் முகப்பு முழுக்க நீலக் கண்ணாடி வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். மாலை வெயில் அதன் வழியே உள்ளே வந்து தரையையும் அலமாரியையும் சுட வைக்கும். அவை திருப்பி விடும் வெப்பத்தைக் கண்ணாடி வெளியே விடாது. பிள்ளைகள் பள்ளி விட்டு வரும் நேரமே அதுதான். விளக்குப் போட்ட பிறகு தெருவில் போகிறவர்களுக்கு உள்ளே எல்லாம் தெரியும். உள்ளே இருக்கும் பிள்ளைக்குத் தன் முகம்தான் தெரியும். காசிமேட்டுக் காற்று வேறு. கடல் பக்கத்து ஜன்னல்களில் நகத்தால் கீறினால் உப்பில் கோடு விழுகிறது.

அமெரிக்காவில் டொலிடோ அருங்காட்சியகத்தின் கண்ணாடி அரங்கு 2006இல் திறந்தது. ஜப்பானின் கசுயோ செஜிமாவும் ரியூயே நிஷிசாவாவும் வடிவமைத்தது. அதன் வரைபடத்தை மேசையில் விரித்து வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். வெளிச்சுவர் மட்டுமல்ல, அறைகளைப் பிரிக்கும் சுவர்களும் பெரும்பாலும் கண்ணாடிதான். ஒவ்வோர் அறையும் தன் கண்ணாடிக்குள் தனித்து நிற்கிறது. நடுவே ஆள் புழங்காத இடைவெளி. வெளியே உள்ள குளிரும் உள்ளே கண்ணாடி ஊதும் உலையின் சூடும் ஒன்றையொன்று தொடாமல் காப்பது அந்த வெற்றிடம். மூலைகளெல்லாம் வளைவு. மூலை இருந்தால் கண் அங்கே நின்றுவிடும். வளைவில் வழுக்கி அடுத்த அறைக்குப் போய்விடும். அதற்காகத்தான் முற்றத்து மூலைகளை நானும் வளைக்கச் சொல்கிறேன். முன்னறையில் படிக்கும் பிள்ளை தலை நிமிர்ந்தால் முற்றத்து மழையைத் தாண்டிப் பின்னறைப் பிள்ளையைப் பார்க்க வேண்டும்.

எளிதில் உடையாதபடி சூடேற்றி உறுதியாக்கும் டஃபன்ட் கண்ணாடியை உலையில் வைத்து எடுத்த பிறகு அறுக்கவோ துளையிடவோ முடியாது. அந்த வீட்டிலோ ஒரு தூணும் நேராக இல்லை. அளவு எடுக்கும்போதெல்லாம் வயிற்றைக் கலக்குகிறது.

டீச்சருக்குப் பார்வை மிகவும் மங்கிவிட்டது, சேகர். வெளிச்சம் மட்டும் புலப்படுகிறது. போன வாரம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நடு அறைக்கு வெளிச்சம் வருமா?" என்று கேட்டார். வரும் என்று சொல்லிவிட்டேன்.

நீ சொன்னால் அவர் மகன் கேட்பான். ஆலைக்கு அளவு கொடுப்பதற்கு முன்னால், இந்த ஞாயிற்றுக்கிழமையே அவனோடு பேசு. முகப்புக்குச் செலவழிக்க நினைத்த பணத்தை முற்றத்துக்குத் திருப்பினாலே போதும். கூடுதலாக எதுவும் கேட்கவில்லை என்றும் சொல்.

அன்புடன்,
முருகன்