செயின்ட் கில்டா நினைவை மே 10 அன்று தொடங்குங்கள்

ஸ்காட்லாந்து தேசிய அறக்கட்டளையின் அறங்காவலர்களுக்கு,

வணக்கம். 2030 ஆகஸ்ட் 29 வந்தால், ஸ்காட்லாந்துக்கு மேற்கே அட்லாண்டிக் கடலில் உள்ள செயின்ட் கில்டா தீவுக்கூட்டத்தின் ஹிர்ட்டா தீவை விட்டுக் கடைசி 36 பேர் வெளியேறி நூறு ஆண்டு ஆகிவிடும். அந்த நாளையொட்டி விழாவும் கண்காட்சியும் வரும் என்று ஊகிக்கப் பெரிய அறிவு வேண்டாம். 1957 முதல் தீவு உங்கள் பொறுப்பில் இருப்பதால் உங்களிடம் ஒரு கோரிக்கை: நூற்றாண்டு நினைவை ஆகஸ்ட் 29 வரை காத்திருக்காமல் மே 10 அன்றே தொடங்குங்கள்.

ஆகஸ்ட் 29 பலருக்கும் தெரிந்த கதை. ஹேர்பெல் என்ற கடற்படைக் கப்பல், வீட்டுக்கு வீடு திறந்து வைத்துவிட்டுப் போன பைபிள், பக்கத்தில் சிறு குவியலாக ஓட்ஸ், கடலில் மூழ்கடித்த நாய்கள். கேட்டால் தொண்டை அடைக்கத்தான் செய்யும். ஆனால் அந்த ஒரு நாளை மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தால், தீவுக்காரர்கள் யாரோ வந்து ஏற்றிக்கொண்டு போன பரிதாபத்துக்குரியவர்களாகவே நின்றுவிடுகிறார்கள்.

1930 மே 10 அன்று தீவைச் சேர்ந்த 20 பேர் ஒரு மனுவில் கையெழுத்திட்டார்கள். ஸ்காட்லாந்து விவகார அமைச்சர் வில்லியம் ஆடம்சனுக்குப் போன மனு அது. அதில் புலம்பல் இல்லை, கணக்குதான் இருக்கிறது. ஆள்பலம் குறைந்துகொண்டே வருகிறது. மிச்சம் 36 பேர். அதிலும் சில ஆண்கள் வேலை தேடிப் போவதென்று முடிவெடுத்துவிட்டார்கள். ஆடுகளைப் பார்ப்பதும் துணி நெய்வதும் விதவைகளைக் கவனிப்பதும் அவர்கள்தான்; அவர்கள் போய்விட்டால் மற்றவர்களால் தாக்குப்பிடிக்க முடியாது. எங்களை ஒரே இடத்தில் தனி ஊராகக் குடியேற்றுங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை என்றும் எழுதியிருக்கிறார்கள். இந்த மனுவுக்குப் பின்னால் செவிலியர் வில்லியமினா பார்க்லேயின் தூண்டுதல் இருந்தது உண்மைதான். அதற்காக முடிவு தீவுக்காரர்களுடையது இல்லை என்றாகிவிடுமா? காலையில் தெருவில் கூடி, அன்றைய வேலையைப் பேசித் தீர்மானித்தவர்கள் அந்த ஊர் ஆண்கள். வெளியாட்கள் அதற்கு ‘பார்லிமென்ட்’ என்று பெயரே வைத்தார்கள்.

உலகத்தோடு ஒட்டாமல் வாழ்ந்து அழிந்த கூட்டம் என்ற பேச்சும் எனக்கு ஒப்பவில்லை. அவர்களைப் பாடாய்ப் படுத்தியதே பெரும்பாலும் வெளியுலகம்தான். 1727இல் பெரியம்மை வந்தது. ஹாரிஸ் தீவில் இறந்துபோன ஒருவரின் துணிகளோடு வந்தது என்பார்கள். அந்த ஆகஸ்டில் 3 ஆண்களும் 8 சிறுவர்களும் பறவை பிடிக்க ஸ்டாக் அன் ஆர்மின் என்ற பாறையில் இறங்கியிருந்தார்கள். கடலிலிருந்து செங்குத்தாக 190 மீட்டருக்கு மேல் எழும் பாறை அது. ஊரில் பெரும்பாலானோர் செத்துப்போக, படகை எடுத்துவர ஆளில்லை. அடுத்த மே மாதம்தான் அவர்களை மீட்டார்கள். ஒரு குளிர்காலம் முழுக்க அந்தப் பாறையில்! பறவையும் மீனும்தான் சாப்பாடாக இருந்திருக்கும்.

1852இல் 36 பேர் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினார்கள். பாதிப்பேர் போல வழியிலேயே இறந்தார்கள். 1870களில் சுற்றுலாக் கப்பல்கள் வரத் தொடங்கின. முதல் உலகப்போரில் கடற்படை முகாம் வந்தது, அதோடு ஒழுங்காகத் தபாலும் சாமான்களும் வந்தன. போர் முடிந்து முகாம் போனபிறகு, இளைஞர்களும் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். 1920இல் 73 பேர் இருந்த ஊரில் 1928இல் 37 பேர்தான்.

அப்புறம் ஆடுகளின் கதை. 1932இல் பக்கத்து சோயே தீவிலிருந்து 107 ஆடுகளை ஹிர்ட்டாவில் கொண்டுவந்து விட்டார்கள். 1985 முதல் கிராமத்தைச் சுற்றியுள்ள ஆடுகளுக்குக் காதில் அடையாளம் போட்டு, தலைமுறை தலைமுறையாக ஆராய்கிறார்கள். நல்ல அறிவியல், குறை சொல்ல மாட்டேன். ஆனாலும் யுனெஸ்கோ 1986இல் இந்த இடத்தை உலகப் பாரம்பரியமாக ஏற்றது இயற்கைக்காக. மனிதர் வாழ்ந்த நிலம் என்ற தகுதி 2005இல்தான் சேர்ந்தது. ஆயிரத்துக்கு மேற்பட்ட கல் கிட்டங்கிகளைக் கட்டி, பிடித்த பறவைகளைக் காற்றில் உலர்த்திச் சேமித்தவர்களுக்குப் பறவைகளைவிட 19 ஆண்டு தாமதமாக மரியாதை கிடைத்திருக்கிறது. 1958 முதல் உங்கள் தன்னார்வலர்கள் அந்தக் கூரைகளையும் சுவர்களையும் சரிசெய்து வருவதை மறந்து இதைச் சொல்லவில்லை.

சரி, என்ன செய்யலாம்? 2030 மே 10 அன்று அந்த மனுவை அவர்கள் பேசிய கேலிக் மொழியிலும் ஆங்கிலத்திலும் ஹிர்ட்டாவின் தெருவிலேயே வாசியுங்கள். வெளியேற்றச் செலவுக்காக அவர்களுடைய செம்மறி ஆடுகளை அரசு விற்றதையும் கண்காட்சியில் போடுங்கள். பெரும்பாலோர் போய் இறங்கிய, ஸ்காட்லாந்துப் பெருநிலத்தின் லோஹாலின் ஊரிலும் ஒரு நிகழ்ச்சி வையுங்கள். மரமே இல்லாத தீவிலிருந்து வந்த ஆண்களுக்கு அங்கே மார்வெர்ன் பகுதியில் கிடைத்த வேலை, காடு வளர்ப்பது.

இப்படிக்கு,
தொலைவிலிருந்து ஒரு தமிழ் வாசகர்