பாணாதுரைப் பள்ளியின் தமிழாசிரியர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சோழர் வரலாற்றை எழுதியவர்களைப் பற்றித் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையில் தி.வை. சதாசிவ பண்டாரத்தாரும் இடம்பெற்றிருந்தது மகிழ்ச்சி அளித்தது. ஆயினும், அவரை அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் என்று அறிமுகப்படுத்திவிட்டு, அதற்கு முந்தைய இருபத்தைந்து ஆண்டுகளை ஒரே வரியில் கடந்து சென்றிருப்பதை, பள்ளியில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் என்னால் ஏற்க இயலவில்லை.

1892இல் கும்பகோணத்தை அடுத்த திருப்புறம்பயத்தில் பிறந்த பண்டாரத்தார், 1917 முதல் 1942 வரை கும்பகோணம் பாணாதுரை உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்தார். முதற் குலோத்துங்க சோழனைப் பற்றிய அவருடைய நூல் 1930இலும், பாண்டியர் வரலாறு 1940இலும் வெளிவந்தன. அதாவது, பல்கலைக்கழகத்தில் காலடி எடுத்து வைப்பதற்கு முன்பே, அன்றாடம் இலக்கணம் நடத்தி, விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த காலத்திலேயே அவர் வரலாற்றாசிரியராகிவிட்டார். பல்கலைக்கழகம் ஏற்கெனவே உருவாகியிருந்த ஓர் அறிஞரைத்தான் அழைத்துக்கொண்டது.

பள்ளித் தமிழாசிரியர் என்பது அவருக்கு ஒரு குறையாக இருந்ததா என்றால், இல்லை என்றே சொல்வேன். கல்வெட்டுத் துறையினர் 1880களிலிருந்தே கோயில் சுவர்களைப் படியெடுத்து வந்தாலும், ஆண்டறிக்கைகள் ஆங்கிலத்தில்தான் வெளிவந்தன, கே.ஏ. நீலகண்ட சாஸ்திரியார் 1930களில் எழுதிய சோழர் வரலாறும் ஆங்கிலத்தில்தான் இருந்தது. அரசனின் இயற்பெயரோ எல்லாக் கல்வெட்டுகளிலும் இராது. சோழ மன்னர்கள் இராசகேசரி, பரகேசரி என்னும் பட்டங்களை மாறி மாறிச் சூடிக்கொண்டதால், 'கோப்பரகேசரிவர்மற்கு யாண்டு பத்து' (பரகேசரியின் பத்தாம் ஆட்சியாண்டு) என்று மட்டும் ஒரு சுவரில் இருந்தால், அவன் எந்தப் பரகேசரி என்று தெரியாமல் திகைக்க வேண்டியதுதான். முதலாம் இராசராசன் காலத்திலிருந்து கல்வெட்டின் முகப்பில் மெய்க்கீர்த்தி, அதாவது அரசனின் வெற்றிகளைப் புகழ்ந்து கூறும் அகவற்பா, இடம்பெறத் தொடங்கிய பிறகு நிலைமை மாறியது. 'திருமகள் போல' என்று தொடங்கினால் இராசராசன், 'புகழ்மாது விளங்க' என்று தொடங்கினால் முதற் குலோத்துங்கன் என்று முதல் தொடரிலேயே ஆளை அடையாளம் காணலாம். அகவல் ஓசை காதில் பழகிய தமிழாசிரியருக்கு இந்த வேலை இயல்பாகக் கைவந்ததில் வியப்பில்லை. அரசர்களைப் பாடிய பரணி, உலா ஆகிய இலக்கியங்களைப் புகழ்ச்சி என்று ஒதுக்கிவிடாமலும், அப்படியே நம்பிவிடாமலும், கல்வெட்டோடு ஒட்டிப் பார்க்கும் அவருடைய முறை வகுப்பறையில் செய்யுள் நடத்திய பழக்கத்திலிருந்து வந்தது என்பது என் எண்ணம்.

பெரிய அறிஞர்களோடு மாறுபட அவர் தயங்கவில்லை என்பதையும் கட்டுரையாளர் சுட்டியிருக்கலாம். இராசராசனின் அண்ணன் ஆதித்த கரிகாலன் கொலையில், இராசராசனுக்கு முன் ஆண்ட உத்தம சோழனுக்குப் பங்கு இருந்திருக்க வேண்டும் என்று நீலகண்ட சாஸ்திரியார் ஐயுற்றார். இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டு உடையார்குடிக் கல்வெட்டோ சோமன், இரவிதாசன், பரமேசுவரன் முதலியோரைத்தான் துரோகிகள் என்று பெயர் சொல்லிக் குறிக்கிறது. உத்தம சோழன் பெயர் அதில் இல்லை. அவன்மீது பழி சுமத்த இடமில்லை என்பதே பண்டாரத்தாரின் முடிவு. அந்தக் கொலையைப் பற்றிய விவாதம் இன்றும் ஓயவில்லை. யார் சொன்னது சரி என்று தீர்ப்புக் கூற நான் முற்படவில்லை.

ஆனால் எனக்கு மிகவும் பிடித்தவை மூன்று பகுதிகளாக வந்த பிற்காலச் சோழர் வரலாறு போன்ற பெருநூல்கள் அல்ல. திருப்புறம்பயத்துக்கும் செம்பியன்மாதேவி என்னும் ஊருக்கும் அவர் எழுதிய சிறிய தல வரலாறுகளே. கி.பி. 880ஐ ஒட்டித் திருப்புறம்பயத்தில் நடந்த போரில்தான் பல்லவர் பக்கம் நின்ற கங்க மன்னன் பிருதிவீபதி மாண்டான். வரகுண பாண்டியன் தோற்றான். சோழர் தலையெடுக்க வழி பிறந்தது. அத்தகைய ஊரில் பிறந்தவர் தம் ஊரைப் பற்றி எழுதுகையில் ஊர்ப்பெருமையில் மிதந்துவிடுவது எளிது. புராணத்தோடு நின்றுவிடாமல் கோயில் கல்வெட்டைச் சான்றாக வைத்தே ஊரை எழுதினார் என்பதுதான் அவருடைய தனித்தன்மை. அக்காலக் கோயிலில் ஒரு நந்தா விளக்கு (அணையா விளக்கு) எரிய 'சாவா மூவாப் பேராடு' (எண்ணிக்கை குறையாமல் காக்க வேண்டிய ஆடுகள்) தொண்ணூற்றாறு விடப்பட்டதையும், அவற்றைப் பெற்ற இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு (பழைய முகத்தலளவை) நெய் அளக்கக் கடமைப்பட்டதையும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் சொல்லிப் பாருங்கள். போர்களின் ஆண்டு வரிசைக்குக் கொட்டாவி விடும் பிள்ளைகள், 'கிடாவையும் சேர்த்தா ஐயா?' என்று கேட்பார்கள். பாடநூலில் இதற்கு இடமில்லை. ஊர்க் கோயிலின் சுவரில் இருக்கிறது.

இன்று இத்தகைய வேலையில் ஈடுபடும் பள்ளி ஆசிரியர்கள் இல்லாமல் இல்லை. விடுமுறையில் சொந்தச் செலவில் ஊர் ஊராகச் சென்று, சிதைந்த எழுத்துகளைப் படித்து, தாங்களே அச்சிட்டு நண்பர்களுக்குக் கொடுத்துவருகிறார்கள். அவர்களை 'ஆர்வலர்' என்று அழைத்து நிறுத்திக்கொள்வது நம் வழக்கம். 'ஆய்வாளர்' என்று அழைக்க நமக்கு ஏனோ ஒரு பல்கலைக்கழக முகவரி தேவைப்படுகிறது.

பண்டாரத்தாரின் நூல்கள் நாட்டுடைமையாக்கப்பட்டுவிட்டதால், அவற்றை மறுபதிப்புச் செய்ய எவருக்கும் தடையில்லை. பெருநூல்கள் கடைகளில் கிடைக்கின்றன; தல வரலாறுகள்தாம் எளிதில் கண்ணில் படுவதில்லை. திருப்புறம்பயத் தல வரலாற்றிலிருந்து சில பக்கங்களையேனும் தங்கள் இதழ் எடுத்து வெளியிட வேண்டும் என்றும், அடுத்த முறை அவரைப் பற்றி எழுதுவோர் பாணாதுரைப் பள்ளி ஆண்டுகளிலிருந்து தொடங்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் நெடுநாள் வாசகன்,
பணி நிறைவு பெற்ற பள்ளி ஆசிரியர்