நவச்சாரமும் வெள்ளீயமும்

அன்புள்ள செல்வத்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தங்கை மகள் கல்யாணம் நல்லபடியாக முடிந்ததில் மகிழ்ச்சி. செய்முறைத் தேர்வு வேலை என்னைப் பிடித்துக்கொண்டதால் வர முடியவில்லை; கோபித்துக்கொள்ளாதே.

மலர்விழியின் கேள்விக்கு வருகிறேன். ஒரு பொருளின் வேதி வாய்பாட்டைப் பார்த்ததும் அது அயனிச் சேர்மமா (எலக்ட்ரானைக் கொடுத்து வாங்கி, மின்சுமை பெற்ற அயனிகளால் ஆனது), மூலக்கூறுச் சேர்மமா (எலக்ட்ரான்களைப் பகிர்ந்துகொண்ட அணுக்களால் ஆனது) என்று எப்படிச் சொல்வது? உலோகமும் அலோகமும் சேர்ந்தால் அயனி, அலோகங்கள் மட்டும் சேர்ந்தால் மூலக்கூறு என்று படித்திருப்பாள். பத்தாம் வகுப்புக்கு அது போதும். பதினொன்றுக்கு வந்தவள் அதோடு நிற்கக் கூடாது.

நம் தெருவுக்கு ஈயம் பூச வந்தவரை நினைத்துப் பார். பித்தளை அண்டாவைக் காய்ச்சி, வெள்ளீயத்தை உள்ளே இழுத்துவிட்டு, நவச்சாரப் பொடி தூவிப் பஞ்சால் தேய்ப்பார். குப்பென்று வெண்புகை கிளம்பும், உட்புறம் பளபளக்கும். அந்த நவச்சாரம் அம்மோனியம் குளோரைடு. மருந்துக்குக்கூட அதில் உலோகம் இல்லை. ஆனாலும் அது அயனிச் சேர்மம்தான். நைட்ரஜனும் நான்கு ஹைட்ரஜனும் தங்களுக்குள் எலக்ட்ரான்களைப் பகிர்ந்துகொண்டு, மொத்தமாக ஒரு நேர் அயனியாகி, குளோரைடோடு நிற்கின்றன. சூடேறினால் அம்மோனியாவும் ஹைட்ரஜன் குளோரைடும் பிரிகின்றன. பின்னது பித்தளையின் ஆக்சைடு படலத்தைத் தின்றுவிடுவதால்தான் ஈயம் ஒட்டுகிறது. மேலே போய் ஆறியதும் இரண்டும் மறுபடி சேர்வதுதான் அந்தப் புகை.

அதே வெள்ளீயத்தை நான்கு குளோரினோடு சேர்த்தால் கதை தலைகீழ். உலோகம் இருந்தும், கிடைப்பது 114 டிகிரியில் கொதிக்கும் திரவம். ஈரக் காற்றில் புகையும். மூலக்கூறுச் சேர்மம்! நான்கு எலக்ட்ரான்களை இழந்த சிறிய அயனி, குளோரைடின் எலக்ட்ரான் மேகத்தைத் தன் பக்கம் இழுத்துவிடும். கொடுப்பது போய்ப் பகிர்வதாகிவிடுகிறது. இதை 1923இல் ஃபஜான்ஸ் என்ற வேதியியலாளர் விதியாக்கினார்.

மின்கவர்தன்மை, அதாவது பிணைப்பு எலக்ட்ரான்களை ஓர் அணு தன் பக்கம் இழுக்கும் திறன்; இரண்டு அணுக்களுக்கு இடையே அதன் வேறுபாடு 1.7ஐத் தாண்டினால் அயனி என்ற கணக்கை நான் பெரிதாக நம்புவதில்லை. ஹைட்ரஜன் ஃபுளோரைடு தாண்டுகிறது. ஆனால் 20 டிகிரிக்குள்ளாகவே கொதித்துவிடுகிறது. சாப்பாட்டு உப்போ உருகவே 801 டிகிரி கேட்கிறது. நீரில் கரைத்து மின்சாரம் பாய்ச்சிப் பார்ப்பதும் ஏமாற்றும். ஹைட்ரஜன் குளோரைடு மூலக்கூறுதான், கரைசலோ நன்றாகக் கடத்தும். உருக்கிவைத்துக் கடத்துகிறதா என்று பார்ப்பதே மேல்; கடத்தினால் அயனி. நவச்சாரம்போல் உருகும் முன்பே பிரிந்துவிடுபவற்றுக்கு மட்டும் அது உதவாது.

இன்னும் சந்தேகம் இருந்தால் அவளையே எனக்கு எழுதச் சொல். நீ எழுதினால் வாய்பாட்டில் எண்கள் இடம் மாறிவிடுகின்றன.

அன்புடன்,
ராசு