சின்னப் பள்ளிக்கு வரலாமா என்று கேட்ட தோழிக்கு

அன்புத் தோழிக்கு,

நலம். நீயும் வீட்டில் எல்லோரும் நலம்தானே? வாட்ஸ்அப்பில் ஒரு நிமிடக் குரல் பதிவோடு முடித்துக்கொள்கிறவள் நாலு பக்கம் எழுதியிருக்கிறாய் என்றதும், விஷயம் கனமானது என்று உறையைப் பிரிக்கும்போதே தெரிந்துவிட்டது. அம்மாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடச் சொல். இங்கே எங்கள் வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற பிறகு தோட்டத்தில் இறங்கிவிட்டார். கத்தரி, வெண்டை எல்லாம் உண்டு. விளைவதில் பாதி மயிலுக்குப் போகிறது. பெரியவள் கோயம்புத்தூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். மற்றபடி புதுச் சங்கதி இல்லை.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். அடுத்த ஆசிரியர் இடமாறுதல் கலந்தாய்வில் ஊர்ப்பக்கம் ஒரு ஈராசிரியர் பள்ளியை எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறாய். "முப்பது பிள்ளை இருக்கிற இடம் ஒரு குடும்பம் மாதிரி இருக்குமாமே" என்றும் எழுதியிருக்கிறாய். குடும்பம் மாதிரிதான், சந்தேகமே வேண்டாம். குடும்பத்தில் என்னென்ன உண்டோ அத்தனையும் உண்டு, பங்காளிச் சண்டை உட்பட.

முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன். அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் என்பது கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்கு. இரண்டு பேர், ஐந்து வகுப்பு. ஒன்று முதல் மூன்று வரை ஒருவர், நாலும் ஐந்தும் இன்னொருவர். 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்த பிறகு சின்ன வகுப்புப் பிள்ளைகளை அவரவர் கற்றல் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து உட்கார வைப்பது உனக்கும் தெரியும். உன் மாநகராட்சிப் பள்ளியில் அது ஒரு முறை. இங்கே அது இல்லாமல் பிழைப்பே இல்லை. ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி, அரும்பில் இருக்கும் தன் சித்தி மகனுக்கு எழுத்துக்கூட்டச் சொல்லித் தருகிறாள். நான் சொல்லித்தான் என்று இல்லை. பக்கத்துப் பாயில் அவன் திணறுவது அவள் காதில் விழுகிறது. அவள் அதட்டுகிற அதட்டலைக் கேட்டால் அது என் குரல் மாதிரியே இருக்கும். கொஞ்சம் கூச்சமாக இருக்கும்.

கூட வேலை பார்க்கிறவர் வட்டார வள மையத்துக்குப் பயிற்சி என்று போய்விட்டால் ஐந்து வகுப்பும் உன் தலையில். அன்றைக்கு மதிய உணவு, வருகைப் பதிவு, விழுந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டவனுக்கு மருந்து எல்லாம் நீதான். அந்த மாதிரி நாளில் சொந்தப் பந்தம், கூட்டு வாழ்க்கை என்றெல்லாம் எதுவும் தோன்றாது. எப்போது நாலு மணி ஆகும் என்றுதான் தோன்றும்.

ஆனால் சின்ன எண்ணிக்கையில் ஒரு கட்டாயம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும். போன வருடம் இரண்டு வீட்டுக்கு வரப்புத் தகராறு. பேச்சு வார்த்தை நின்றுபோய், ஒரு வீட்டில் துக்கம் விழுந்தபோதுகூட அடுத்த வீடு போகவில்லை. இரண்டு வீட்டிலும் நாலாம் வகுப்பில் ஆளுக்கொரு பையன். "அவன்கூடச் சேராதே" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். ஒரு வாரம் ஆளுக்கொரு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். கபடி வந்தது. பக்கத்துக்கு ஏழு பேர் வேண்டும். நாலும் ஐந்தும் சேர்த்தாலும் ஆள் பற்றாது, மூன்றாம் வகுப்புப் பொடிசுகளை இழுத்துத்தான் அணி கட்ட வேண்டும். இதில் ஒருவன் "அவன் இருந்தால் நான் வரமாட்டேன்" என்றால் ஆட்டமே கிடையாது. மற்றப் பிள்ளைகள் விட்டுவிடுவார்களா? இரண்டு பேரையும் திட்டித் தீர்த்துக் களத்தில் இறக்கினார்கள். நான் மரத்தடியில் உட்கார்ந்து வருகைப் பதிவேட்டில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். உன் பள்ளியில் ஆயிரம் பேர். எதிரியைப் பார்க்காமலே ஒருவன் ஐந்து வருடமும் படித்து வெளியே போய்விடலாம். இங்கே முடியாது. வரப்புத் தகராறு இன்னும் முடியவில்லை, அது வேறு விஷயம்.

சாப்பாட்டு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நீ வந்தால் முதலில் எதிர்கொள்ளப் போவது அதுதான். 2023 ஆகஸ்டில் காலை உணவுத் திட்டம் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் வந்ததல்லவா, மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள்தான் சமைக்கிறார்கள். இங்கே சமைக்க வந்த அக்கா கிழக்குத் தெரு. உனக்கு விளக்க வேண்டியதில்லை. முதல் நாள் ரவா உப்புமாவும் சாம்பாரும் மணத்துக் கிடந்தது. பாதிப் பிள்ளைகள் தட்டைத் தொடவில்லை. வீட்டிலிருந்து டிபன் டப்பா வந்தது. "எம்புள்ளைக்கு வயித்துக்கு ஒத்துக்காது டீச்சர்" என்று ஒரு தாய். "காலையிலேயே சாப்பிட்டுட்டான்" என்று இன்னொருத்தி. யாரும் காரணத்தை வாயால் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட ஒரு பதில் பேசியிருக்கலாம்.

எட்டயபுரம் இங்கிருந்து பக்கம்தான். 1956-இல் காமராசர் மதிய உணவைத் தொடங்கி வைத்த மண் என்று மேடைக்கு மேடை பேசுகிறோம். ஊரார் அள்ளிக் கொடுத்ததை நம்பித்தான் அன்றைக்கு அது ஆரம்பமானது. கொடுக்கிற கை நீள்வதில் நம் ஊர்களுக்குக் கஷ்டம் இருந்ததில்லை. யார் கையால் ஆக்கியது என்று கேட்பதில்தான் அடி வயிறு சுருங்குகிறது. இந்த மாவட்டத்திலேயே இப்படிப்பட்ட பிரச்சினை செய்தித்தாள் வரைக்கும் போய், பெரிய ஆட்கள் வந்து உட்கார்ந்து சாப்பிட்டுக் காட்ட வேண்டியிருந்ததையும் பார்த்தோம்.

எங்கள் பள்ளியில் யாரும் வரவில்லை. நானும் கூட வேலை பார்க்கிற தம்பியும் பிள்ளைகள் வரிசையிலேயே தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். பேச்சு ஒன்றும் பேசவில்லை. அந்தத் தம்பிக்குக் கிச்சடி என்றால் உயிர், செவ்வாய்க்கிழமை மறுசோறு கேட்டு வாங்குவார், நடிப்பே இல்லாமல். வெள்ளிக்கிழமை கேசரி வந்தது. கேசரிக்கு முன்னால் எந்தக் கொள்கையும் நிற்கவில்லை. டப்பாக்கள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. அக்காவின் கைப்பக்குவமும் ஒரு காரணம், அதை மறைக்கக் கூடாது. வெறும் சாம்பாராக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ. இன்றைக்கும் ஒரு வீட்டிலிருந்து டப்பா வந்துகொண்டுதான் இருக்கிறது. அந்தப் பிள்ளை டப்பாவைத் திறந்து பக்கத்தில் இருப்பவளுக்குத் தோசை கொடுத்துவிட்டுப் பொங்கலை வாங்கிக்கொள்கிறது. வீட்டுக்கு அது தெரியுமா என்று நான் கேட்டதில்லை.

பள்ளி மேலாண்மைக் குழுவைப் பற்றிக் கேட்டிருந்தாய். கூட்டம் நடக்கிறதா, கையெழுத்து மட்டும் வாங்குகிறோமா என்று. இரண்டும் நடக்கிறது. முக்கால்வாசி பெற்றோர், பாதி பெண்கள் என்பது சட்டம். ஆனால் கூட்டத்தில் யார் எங்கே உட்காருவது என்று எந்தச் சட்டத்திலும் எழுதவில்லை. ஆரம்பத்தில் நாற்காலி போட்டிருந்தது. நாலைந்து பேர் கேட்காமலே நாற்காலியில், மற்றவர்கள் கேட்காமலே வாசலில். பெண்கள் தூணோடு தூணாக. அப்புறம் நாற்காலிகளையெல்லாம் கணினி அறைக்குள் போட்டுப் பூட்டிவிட்டு, ஜமுக்காளத்தை விரித்தேன். முட்டிவலி என்று ஒரு பெரியவர் முனகினார். அவருக்கு மட்டும் ஒரு ஸ்டூல். மற்ற எல்லோரும் தரையில். அந்த ஊரில் இரண்டு தெருக்காரர்களும் ஒரே விரிப்பில் உட்காருகிற இடம் வேறு எனக்குத் தெரிந்து கிடையாது. கோயில் கொடையில் இல்லை, டீக்கடையில் இப்போது பரவாயில்லை என்றாலும் பெஞ்சு தனித்தனிதான்.

பேச்சு என்று பார்த்தால், ஆண்கள் சுற்றுச்சுவர், முகப்பு வளைவு என்று பேசுவார்கள். தீப்பெட்டி ஆபீஸுக்குப் போய்விட்டு அவசரமாக வருகிற பெண்கள் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இல்லை, குழாயில் தண்ணீர் வரவில்லை என்பார்கள். முகப்பு வளைவு கேட்டு ஒரு பிள்ளையும் அழுததில்லை. தாழ்ப்பாளுக்கு அழுதிருக்கிறது. அதனால் கூட்டத்தைச் சாயங்காலம் அவர்கள் வேலை முடிந்து வருகிற நேரத்துக்கு ஒத்திப்போடுகிறேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் எனக்கும் பேருந்து தவறிப்போகிறது. வீட்டுக்காரர் ஸ்கூட்டரில் வந்து கூட்டிப்போகிறார், முணுமுணுத்துக்கொண்டே.

நெ.து. சுந்தரவடிவேலு கல்வித்துறை இயக்குநராக இருந்தபோது, 1958 வாக்கில் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளைப் பற்றி நம் பயிற்சிப் பள்ளியில் பாடம் நடத்தினார்கள், ஞாபகம் இருக்கிறதா? நாம் பின்பெஞ்சில் கொறித்துக்கொண்டிருந்தோம். ஊர்க்காரர்கள் நிலம், மணி, கடிகாரம், கரும்பலகை என்று கொண்டுவந்து கொடுத்த காலம். அந்த வழக்கம் இன்னும் சாகவில்லை. பீரோவில், மின்விசிறியில், தண்ணீர்த் தொட்டியில் எல்லாவற்றிலும் 'உபயம்' என்று எழுதியிருக்கும். இதில் ஒரு சிக்கல். திருப்பூரில் வேலை பார்க்கிற பழைய மாணவர்கள் சேர்ந்து பெஞ்சுகள் வாங்கித் தந்தார்கள். பெயர் எழுதும்போது பின்னால் சாதிப் பட்டமும் சேர்த்து எழுதச் சொன்னார்கள். பெயர் போடலாம், ஊர் போடலாம், படித்த வருடம் போடலாம், பின்னால் வால் வேண்டாம் என்றேன். இரண்டு பேர் கோபித்துக்கொண்டார்கள். ஒருவர் இன்னும் பேசுவதில்லை. மூன்றாவது ஆள், "டீச்சர், எந்தப் பெயருமே வேண்டாம், 'முன்னாள் மாணவர்கள்' என்று போட்டுவிடுங்கள்" என்றான். அவன் இரண்டாம் வகுப்பில் ஒரு நாள்கூட வீட்டுப்பாடம் எழுதாத ஆள்.

கயிறு சமாச்சாரமும் இப்படித்தான். 2023-இல் நாங்குநேரியில் ஒரு பட்டியல் சாதிப் பையனைக் கூடப் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டிய கொடுமைக்குப் பிறகு ஓய்வு பெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு குழு போட்டு, அடுத்த வருடம் அறிக்கையும் வந்தது. கையில் வண்ணக் கயிறு, நெற்றிக்குறி, பள்ளிப் பெயர்களில் சாதி எல்லாம் வேண்டாம் என்று அதில் சொன்னார்கள். அது பெரிய பள்ளிகளுக்குத்தான் என்று பலர் நினைக்கிறார்கள். அண்ணன் கையில் இருப்பதைப் பார்த்து ஐந்தாம் வகுப்பிலேயே கேட்க ஆரம்பித்துவிடுகிறார்கள். கோயில் கயிறு என்பார்கள். கோயில் கயிறு ஒரே தெருவுக்கு ஒரே நிறத்திலா வரும்? ஆண்டு விழாவுக்கு மைக் செட் போடுகிற பையன் ஒரு சினிமாப் பாட்டைப் போட ஆரம்பித்தான், எந்தத் தெருவைக் குத்துகிற பாட்டு என்று எல்லோருக்கும் தெரியும். ஒலிபெருக்கிப் பக்கம் போய் நின்று, பிள்ளைகள் ஆடுகிற பாட்டுகளின் பட்டியலை அவன் கையில் கொடுத்து இது மட்டும்தான் என்றேன். நமக்கு வயதாகிவிட்டதில் ஒரு வசதி, "சரிங்க டீச்சர்" என்று விட்டுவிடுகிறார்கள்.

சுவரில் உண்மை, உழைப்பு, ஒற்றுமை என்று பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறது. கால அட்டவணையில் நீதிபோதனைக்கும் ஒரு பாடவேளை இருந்தது, அதில் கணக்கு நடத்தி முடித்துவிடுவோம். அந்த எழுத்துகளால் நன்மை இல்லை என்று சொல்லவில்லை, ஒன்றாம் வகுப்புக்கு 'உ'கரம் சொல்லித் தர உதவுகிறது. பிள்ளைகள் பழகுவதெல்லாம் தட்டிலும் பாயிலும் களத்திலும்தான்.

இனி உனக்குப் பிடிக்காததையும் எழுதிவிடுகிறேன். சின்னப் பள்ளி என்றாலே நல்ல பள்ளி என்று நினைத்துக்கொண்டு வராதே. காலையில் ஆங்கிலவழிப் பள்ளி வேன் ஊருக்குள் ஆரன் அடித்துக்கொண்டு வருகிறது. வசதி உள்ள வீட்டுப் பிள்ளைகள் ஏறிப்போய்விட்டால், மிஞ்சுகிறவர்கள் ஒரே தெருவாக இருக்கிற பள்ளிகள் நம் மாவட்டத்தில் எத்தனையோ உண்டு. அங்கே நீ எவ்வளவுதான் ஜமுக்காளம் விரித்தாலும் எதிர்த் தெரு வந்து உட்காராது. எண்ணிக்கை இன்னும் குறைந்தால் பள்ளியே தேறாது. 2019-இல் ஒரு பிள்ளைகூட இல்லாத பள்ளிகளை நூலகமாக மாற்றினார்கள் அல்லவா. மே, ஜூன் மாதத்தில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளை கேட்கிற வேலை உனக்கும் இருக்கும். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை, ஆனால் மேலாண்மைக் குழுவில் முதல் வரிசையில் பேசுகிறவரே தன் பேரனை வேனில் அனுப்புவதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே "வணக்கம்ணே" சொல்லப் பழக வேண்டும்.

ஆகவே பட்டியலில் காலியிடம் பார்த்ததும் எடுத்துவிடாதே. முன்னால் ஒருமுறை நேரில் போய் வா. ஆய்வுக்கு வந்தவள் மாதிரிப் போகாமல் ஊர்க்காரி மாதிரிப் போ. பள்ளிக்கூடம் எந்தத் தெருவுக்குள் இருக்கிறது, பொது இடத்தில் இருக்கிறதா என்று பார். சாப்பாட்டு வேளையில் யார் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள், யார் தட்டை யார் கழுவுகிறார்கள் என்று கவனி. கழிப்பறைத் தாழ்ப்பாளையும் போட்டுப் பார். கூட இருக்கப் போகிற ஆசிரியரோடு ஒரு டீ குடி. இரண்டே பேர் இருக்கிற இடத்தில் அவரோடு ஒத்துப்போகவில்லை என்றால் ஐந்து வகுப்பையும் தாண்டி அதுதான் பெரிய வகுப்பு. இதெல்லாம் தேறினால் கண்ணை மூடிக்கொண்டு எடு.

கலந்தாய்வுத் தேதி வந்ததும் போன் போடு. அம்மாவைக் கேட்டதாகச் சொல். அப்புறம், பயிற்சிப் பள்ளியில் ஆட்டப் பாட்டெல்லாம் எழுதி ஒரு நீல அட்டை நோட்டு வைத்திருந்தாயே, அது இன்னும் இருந்தால் நகல் எடுத்து அனுப்பு. ஒன்றாம் வகுப்புக்கு என்னிடம் இருந்த சரக்கெல்லாம் தீர்ந்துவிட்டது, பழையதைப் பாடினால் "இது எங்க அக்காவுக்குச் சொல்லித் தந்தது" என்கிறார்கள்.

என்றும் அன்புடன்,
உன் தோழி