இஸ்தோப்பில் நடந்த பள்ளிக்கூடம்: மலையகக் கல்வி அதிகாரிகளுக்கும் தோட்ட முகாமைத்துவங்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

நுவரெலியா மாவட்டத்தில் தோட்டப் பாடசாலை ஒன்றில் கற்பிக்கும், அதே தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளில்) பிறந்து இன்றும் அங்கேயே குடியிருக்கும் ஆசிரியை என்ற முறையில் இதை எழுதுகிறேன். கொவிட் முடக்கக் காலம் எங்களுக்குக் கற்றுத்தந்த ஒன்று மெல்ல மறக்கப்பட்டு வருகிறது என்ற கவலையே இந்த மடலுக்குக் காரணம்.

2020 மார்ச் 13ஆம் திகதி பாடசாலைகள் மூடப்பட்டன. 20ஆம் திகதி நாடெங்கும் ஊரடங்கு வந்தது. நகரங்கள் அடங்கிக் கிடந்த அந்த வாரங்களிலும் தேயிலைத் தொழிலுக்கு அனுமதி இருந்தபடியால், எங்கள் தாய்மார் வழக்கம்போலக் காலையில் வேலைக்குப் பெயர் பதியும் பெரட்டுக்குப் போய் மலைக்கு ஏறினார்கள். வீட்டில் இருந்தவர்கள் பிள்ளைகள் மட்டுமே. வீடு என்று இங்கே சொல்வதும் பெரும்பாலும் பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா (அறை) ஒன்றும் அதன் முன்னால் இஸ்தோப்பு எனப்படும் ஒரு சிறு விறாந்தையும்தான். பக்கத்து வீட்டோடு ஒரே சுவரையும் தண்ணீர் பிடிக்கும் ஒரே பீலியையும் பகிர்ந்து வாழ்கிறவர்களுக்கு, ஒரு மீற்றர் இடைவெளி என்பது எவ்வளவு முயன்றாலும் கடைப்பிடிக்க முடியாத விதியாக இருந்தது. ஆயினும், தனிமைப்படுத்தப்பட்ட குடும்பத்தின் வாசலில் அரிசியையும் மாவையும் மரக்கறியையும் கொண்டுவந்து வைத்தவர்களும் அந்த ஒரே சுவருக்கு அடுத்த பக்கத்தில் இருந்தவர்கள்தாம். நெருக்கம் எங்களுக்கு ஆபத்தாகவும் இருந்தது, துணையாகவும் இருந்தது. துணையாக இருந்ததைப் பற்றி எந்த அறிக்கையிலும் நான் வாசிக்கவில்லை.

இணையவழிக் கல்வியைப் பற்றித் தாங்கள் அறிவீர்கள். குடும்பத்துக்கு ஒரு கைப்பேசி, அதுவும் வேலைக்குப் போனவரின் பையில். சிக்னல் வேண்டுமென்றால் மலையுச்சிக்கு ஏற வேண்டும். பதுளை மாவட்டத்தின் பொஹிட்டியாவக் கிராமத்துப் பிள்ளைகள் காட்டு வழியே மலையேறிப் படித்த செய்தி 2021இல் உலக ஊடகங்களில் வெளிவந்தபோது, எங்கள் பெற்றோர் எவரும் வியப்படையவில்லை. தொலைக்காட்சியில் ஒளிபரப்பான பாடங்கள் நல்லவையே. ஆனால் சந்தேகம் கேட்கும் பிள்ளைக்குத் தொலைக்காட்சி பதில் சொல்லாது.

பதில் சொன்னவர்கள் அக்காமார். சாதாரண தரப் பரீட்சை எழுதக் காத்திருந்தவர்கள், உயர்தரப் பரீட்சைப் பெறுபேற்றுக்குக் காத்திருந்தவர்கள், கொழும்புக் கடைகள் மூடப்பட்டதால் ஊர் திரும்பிய அண்ணன்மார் சிலர் என, யாரும் கேட்காமலே தங்கள் இஸ்தோப்பில் சாக்கை விரித்துப் பிள்ளைகளை உட்கார வைத்தார்கள். நான் வட்ஸ்அப்பில் அனுப்பும் பயிற்சியை ஒருத்தி உரக்க வாசிப்பாள்; பிள்ளைகள் பழைய கொப்பிகளில் எஞ்சிய தாள்களைக் கிழித்துத் தைத்து அதில் எழுதுவார்கள்; தம்பியை மடியில் வைத்துக்கொண்டே கூட்டல் கணக்குச் செய்த சிறுமிகளும் உண்டு. வகுப்பறையில் ஆண்டு முழுவதும் வாய் திறக்காத ஒரு சிறுவன், தன் லயத்து அக்காவிடம் மட்டும் ஒரே கேள்வியை வெட்கமின்றித் திரும்பத் திரும்பக் கேட்பதை முகக்கவசத்தோடு சற்றுத் தள்ளி நின்று பார்த்தேன். அவனுடைய பேச்சில் அவனுக்குப் பதில் சொன்னாள் அவள். தவறினால் சிரிக்கவும் இல்லை, அடிக்கவும் இல்லை. பயிற்சிக் கல்லூரியில் நான் கற்ற கற்பித்தல் முறைகள் எதற்கும் குறைந்ததல்ல அது என்று உறுதியாகச் சொல்வேன்.

இருநூறுக்குக் குறைந்த மாணவர்களைக் கொண்ட பாடசாலைகளின் ஆரம்பப் பிரிவுகள் 2021 ஒக்டோபர் 21ஆம் திகதி திறக்கப்பட்டபோது, அப்படி உட்கார்ந்து படித்த பிள்ளைகளை முதல் வாரத்திலேயே அடையாளம் காண முடிந்தது. அவர்கள் வாசித்தார்கள். யாரும் உட்கார வைக்காத லயங்களிலிருந்து வந்த பிள்ளைகளில் சிலர் எழுத்துகளையே மறந்திருந்தார்கள். மேல் வகுப்புகளில் சிலர் திரும்பி வரவேயில்லை. கடைக்கோ வீட்டு வேலைக்கோ போய்விட்டார்கள். 2020இன் சாதாரண தரப் பரீட்சை 2021 மார்ச்சிலும், 2021இன் உயர்தரப் பரீட்சை 2022 பெப்ரவரியிலும்தான் நடந்தன. அந்த நீண்ட காத்திருப்பில் வறுமை பொறுமையாக இருக்கவில்லை.

அந்த அக்காமார் இன்று எங்கே என்று யாராவது தேடினோமா? ஒருத்தி தையல் தொழிற்சாலையில் இருக்கிறாள், இன்னொருத்தி வெளிநாடு போய்விட்டாள், ஒருத்தி கொழுந்து பறிக்கிறாள். அவர்களுக்கு ஒரு சான்றிதழ்கூடக் கொடுக்கப்படவில்லை. இதை எழுதும்போது எனக்கு மனம் பொறுக்கவில்லை.

பாடசாலை மூடப்படுவது கொவிட்டோடு முடிந்துவிடவும் இல்லை. 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டால் மூடினோம். மழைக்காலத்தில் மண்சரிவு எச்சரிக்கை வரும்போதெல்லாம் மூடுகிறோம். ஆகவே, ஒவ்வொரு தோட்டப் பிரிவிலும் மாலை வேளைகளில் திறந்திருக்கும், மின்விளக்கும் கரும்பலகையும் உள்ள ஒரு படிப்பறையைத் தாருங்கள் என்று கேட்கிறேன். புதுக் கட்டடம் தேவையில்லை. பயன்பாடின்றிக் கிடக்கும் பிள்ளை மடுவமோ (குழந்தைகள் பராமரிப்பு நிலையமோ) வாசிகசாலையோ போதும். அங்கே கற்பிக்கும் இளம் பெண்களுக்கும் இளைஞர்களுக்கும் மாதாந்தம் ஒரு கொடுப்பனவு வழங்குங்கள். பத்தனை ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரி போன்றவற்றுக்கு அவர்கள் விண்ணப்பிக்கும்போது அந்தச் சேவையைத் தகைமையாகக் கணக்கில் எடுங்கள். கொடுப்பனவும் அங்கீகாரமும் இல்லாமல் அவர்களிடம் மீண்டும் இலவசமாக உழைப்பை எதிர்பார்ப்பது நியாயமல்ல.

எங்கள் கீழ்ப் பிரிவில் அப்படியொரு மடுவம் பூட்டிக் கிடக்கிறது. அதன் திறப்பு (சாவி) தோட்ட அலுவலகத்தில் இருக்கிறது. கூரைத் தகரத்தை மாற்றித்தர லயத்து இளைஞர்கள் ஆயத்தமாக இருக்கிறார்கள். கற்பிக்க மூன்று பெண்கள் பெயர் தந்திருக்கிறார்கள். மடுவத்தைப் பயன்படுத்த எழுத்துமூல அனுமதியையும் மின்னிணைப்பையும் அடுத்த தவணை தொடங்குமுன் வழங்குமாறு பணிவன்புடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தோட்டப் பாடசாலை ஆசிரியை ஒருவர்,
நுவரெலியா மாவட்டம்.